650 குதிரைக்குத் தண்ணி காட்டற வித்தை

நீ வாட்சப்புல தாட்டி விட்ட பட்டியலப் பார்த்தேன் சாமி. கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டு இன்னொருக்காவும் பார்த்தேன். பெரிய ரேடியேட்டர், இன்டர்கூலருக்குத் தடிச்ச ரேடியேட்டர், வெசையான பம்பு, 71 டிகிரியிலயே தொறந்துக்கற தெர்மோஸ்டாட், கூட ஒரு ஃபேன், டிக்கியில வெக்கறதுக்கு ஐஸ் டப்பா. எல்லாம் வண்டியக் குளுகுளுன்னு வெக்கறதுக்கு. கடைசியில, யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சு ஓரமா ஒரு வரி: சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி.

உன்ற அம்மிச்சிக்கு வாசிச்சுக் காட்டுனேன். அவ வெங்காயம் உரிச்சுட்டே, "ஏனுங்க, விசிறி வாங்கறேன்னு சொல்லிட்டு அடுப்பு வாங்கறானா உங்க பேரன்?"ன்னு கேட்டா. பரிச்சையில பாஸ் பண்ணுனா நீ அவ பேரன். இந்த மாதிரி பட்டியல் போட்டா என்ற பேரன். அது இருக்கட்டும். அவ ஒரே பேச்சுல சொன்னத நான் நீட்டி முழக்கிச் சொல்லறேன், கேட்டுக்க. அவினாசி ரோட்டுல லாரி ரேடியேட்டருக்கு ஈயம் பத்த வெச்சே ஊட்டக் கட்டுனவன் நானு. உன்ற அம்மாவப் படிக்க வெச்சதும் அந்த ஈயந்தான். கேக்கறதுல உனக்கொண்ணும் கொறஞ்சு போகாது.

வண்டியக் கொறை சொல்றேன்னு நெனச்சுக்காத. போன தடவ ஆஸ்டினுக்கு வந்தப்ப அதுல உக்காந்து பார்த்தவன்தான். ஏறுறது பரவால்ல, எறங்கறதுக்குத்தான் ரெண்டு ஆளு வேணும். 6.2 லிட்டர் வி8 எஞ்சின், 650 குதிரை, மண்டைக்கு மேல 1.7 லிட்டர் ஈட்டன் சூப்பர்சார்ஜர். ஏழாந்தலைமுறை கார்வெட் இசட்06ன்னா சும்மாவா? உன்ற 2016 மாடல் இதுவரைக்கும் ஒரு பாவமும் பண்ணல. ஆபீசுக்குப் போகுது, வருது, சிக்னல்ல நிக்கறப்ப பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பாக்கறான். உனக்கு அது போதாதுன்னு இப்ப ரேஸ் ட்ராக்குக்குக் கூட்டிட்டுப் போகோணும். அதுவும் ஆடி மாசத்து டெக்சாஸ் வெயில்ல.

அந்த வண்டியோட கதை ஊரறிஞ்சது. 2015 மாடலா வந்தப்பவே, ட்ராக்குல சில சுத்துக்குள்ள சூடேறி, தன்னைத்தானே காப்பாத்திக்கறதுக்காக சக்தியக் கொறச்சுக்குதுன்னு ஓட்டுனவங்க சொன்னாங்க. கம்பெனி பக்கத்து ஞாயத்தையும் சொல்லிப்போடறேன். ட்ராக்குல சோதன பண்றப்ப வெளிக்காத்து 86 பாரன்ஹீட், அதாவது 30 டிகிரின்னு கணக்கு வெச்சுத்தான் ஓட்டறம்னு கார்வெட் தலைமை எஞ்சினியரே சொன்னாரு. 2017 மாடல்ல பானட்டுல காத்து போற தொளையப் பெருசாக்கி, சூப்பர்சார்ஜர் மேல இருக்கற மூடியவும் மாத்துனாங்க. அதே வருசம் வண்டி வாங்குனவங்க ஃபுளோரிடாவுல கோர்ட்டுக்கும் போயிட்டாங்க. கோர்ட்டு வெவகாரம் நமக்கெதுக்கு, 30 டிகிரிங்கற நம்பரத்தான் நீ முடிஞ்சு வெச்சுக்கோணும்.

ஆஸ்டின்ல ஆகஸ்ட்டு மத்தியானம் 38 சர்வசாதாரணம். வெறும் 8 டிகிரிதானேன்னு சிலுப்பிக்குவ. இரு. ரேடியேட்டருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். உள்ள தண்ணி எவ்வளவு சூடு, வெளிய காத்து எவ்வளவு சூடு, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம். அந்த வித்தியாசந்தான் அதுக்குக் கூலி. எஞ்சின் தண்ணி 110 டிகிரின்னு வெய்யி. வெளிய 30ன்னா வித்தியாசம் 80. வெளிய 38ன்னா 72. பத்துல ஒரு பங்கு போச்சு, சமாளிச்சுக்கலாம். இன்டர்கூலருக்குத் தனியாத் தண்ணி ஓடுதல்ல, அது 60 டிகிரியில இருக்குதுன்னு வெய்யி. வெளிய 30ன்னா வித்தியாசம் 30. வெளிய 38ன்னா 22. கால் பங்குக்கு மேல போயே போச்சு. ஒரே வெயிலு, ஒரே வண்டி. ஒண்ணுக்குச் சளி, இன்னொண்ணுக்கு ஜன்னி. பெரிய ரேடியேட்டருக்கு 1,000 டாலர் எடுத்து வெச்சிருக்கறயே, சூடாகறது எதுன்னு பார்த்தயா கண்ணு?

இந்த இடந்தான் பட்டறைக்கு வர்ற முக்காவாசிப் பேரு கோட்டை விடற இடம். "வண்டி சூடாகுது"ம்பாங்க. எதுடா சூடாகுதுன்னா முழிப்பாங்க. உன்ற வண்டிக்குள்ள ஓடறது நாலு கணக்கு. எஞ்சின் தண்ணி ஒண்ணு. சூப்பர்சார்ஜர் அமுக்கி விடற காத்தக் குளிர வெக்கற தண்ணி ஒண்ணு. ஆயில் ஒண்ணு. பின்னால கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் சேர்ந்து ஒண்ணு. அதுக்குக் காத்து புடிக்கத்தான் பின்சக்கரத்துக்கு மேல ரெண்டு பக்கமும் வாயி வெச்சிருக்குது, அழகுக்கு இல்ல. நாலும் நாலு வெசையில சூடேறும். எது மொதல்ல முட்டுதோ அது மத்த மூணையும் சேர்த்துக் கவுக்கும். ஆயில் முட்டற வண்டிக்கு இன்டர்கூலர் மாத்துனா, குளுந்த காத்தோட சக்தி போகும், அவ்வளவுதான்.

சரி, இந்தச் சூடு எங்கிருந்து பொறக்குது? சூப்பர்சார்ஜர்ங்கற இந்த ஊதற மிசினோட பூர்வீகத்துக்குப் போவோம். இண்டியானா மாநிலத்துல கானர்ஸ்வில்னு ஒரு ஊரு. அங்க ரூட்ஸுன்னு அண்ணந்தம்பி ரெண்டு பேரு கம்பிளி மில்லு வெச்சிருந்தாங்க. 1860ல ரெண்டு உருளை ஒண்ணோடொண்ணு ஒரசாமச் சுத்திக் காத்தத் தள்ளற மிசினுக்குப் பேட்டன்ட் வாங்குனாங்க. உலைக்கும் சொரங்கத்துக்கும் காத்து ஊதறதுக்கு அது ஓடுச்சு. உன்ற வண்டி மேல உக்காந்திருக்கறது அதோட கொள்ளுப்பேரன். உருளைக்கு நாலு மடிப்பு, நல்லா முறுக்கு, பொழுதன்னிக்கும் சுத்தற வெறி. எஞ்சின் ஒரு சுத்துச் சுத்துனா இது மூணு சுத்துக்கு மேல சுத்தும். முட்ட மிதிச்சா நிமிசத்துக்கு 20,000.

காத்த அமுக்குனாச் சூடேறும், அது இயற்கை. 38 டிகிரிக் காத்த உன்ற வண்டி 9 பிஎஸ்ஐ சொச்சத்துக்கு அமுக்குது. இந்த மாதிரி ஊதியோட தெறமைய நூத்துக்கு 65ன்னு வெச்சுக் கணக்குப் போட்டேன். வெளிய வர்ற காத்து 110 டிகிரிக்குப் பக்கம். தண்ணி கொதிக்கற சூட்டத் தாண்டியாச்சு, இன்னும் பெட்ரோலே பத்தல. அந்தக் காத்த அப்படியே சிலிண்டருக்குள்ள விட்டா, பத்தற நேரத்துக்கு முன்னாலயே பத்தி எஞ்சின் தட்ட ஆரம்பிச்சுரும். அதனால ஊதியோட மூடிக்குள்ளயே இன்டர்கூலரக் குடுத்துத் தண்ணியில சூட்ட வழிச்செடுக்கறாங்க. இந்த ரோசனை புதுசில்ல. ரெண்டாம் உலக யுத்தத்துல ஸ்பிட்ஃபயர் மார்க் 9 விமானத்துல வந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினுக்கு ரெண்டு அடுக்கு ஊதி. நடுவுல இதே மாதிரி தண்ணி ஓடற கூலரு போட்டுத்தான் 1942ல ஜெர்மன்காரன் தலைக்கு மேல பறந்தாங்க. ஸ்பிட்ஃபயருக்காவது மேல போகப் போக வெளிக்காத்து சில்லுனு இருந்துச்சு. நீ போறது ஆஸ்டினு.

வழிச்செடுக்க முடியாமக் காத்து சூடாவே போச்சுன்னா, கம்ப்யூட்டரு உசாராகி ஸ்பார்க்கத் தள்ளி வெக்கும். தள்ளிப் பத்தற நெருப்பு பிஸ்டனத் தள்றதுக்குப் பதிலா சைலன்சர்ப் பக்கம் போயிரும். நீ 650 குதிரைக்குக் கடன் கட்டற, வண்டி அதுல பாதிய அவுத்து விட்டுட்டு வருது. மீட்டர்ல எஞ்சின் தண்ணி முள்ளு நடுவுலயே பொட்டாட்ட நிக்கும். "ஒண்ணும் சூடாகலயே, ஏன் இழுக்க மாட்டேங்குது?"ன்னு நீ ஸ்டீரிங்கத் தட்டிட்டு உக்காந்திருப்ப.

அதனால மொதல்ல வாங்க வேண்டிய சாமான் ஒரு கை அகலத்துல ஒண்ணு இருக்குது. ஓபிடி ரீடரு, 100 டாலருக்குள்ள முடிஞ்சுரும். இன்டர்கூலரத் தாண்டி வர்ற காத்தோட சூடு, எஞ்சின் தண்ணி, ஆயிலு, இந்த மூணையும் ஒரு சுத்து விடாம எழுதி வெக்கறதுக்கு. உன்ற வண்டியில கேமராவோட பதிவு பண்ற பொட்டியும் கம்பெனியே குடுத்திருக்குது. அதுல நீ எனக்கு அனுப்பறது எல்லாம் வளைவுல நீ "ஊய்"னு கத்தற வீடியோ மட்டுந்தான். கத்தறத நிறுத்திட்டு நம்பரு அனுப்பு. காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னால எந்த முள்ளு மொதல்ல ஏறுதுன்னு தெரியோணும்.

ரெண்டாவது செலவு இதை விடக் கம்மி. நம்ம பட்டறைக்கு அறுப்புக் காலத்துல லாரிக வரும். வைக்கோல் தூசியும் பொட்டும் ரேடியேட்டர் கோருக்குள்ள புகுந்து, ஃபின்னு ஒண்ணு தெரியாது. "கோரு போச்சுங்க, புதுசு போடுங்க"ம்பாங்க. நான் பின்பக்கமிருந்து தண்ணி அடிச்சுக் கழுவி, வளஞ்ச ஃபின்ன சீப்பு போட்டு நிமுத்தி, கறுப்புப் பெயின்ட் லேசா அடிச்சுக் குடுப்பேன். கழுவுனேன்னு சொன்னா அஞ்சு காசு தர மாட்டான். "கோரு பார்த்தாச்சு"ன்னு சொன்னா முழுசாத் தருவான். உன்ற வண்டி தரையோட தரையா வாயத் தொறந்துட்டுப் போறது. ட்ராக்குல டயர் ரப்பரு, எல, பூச்சி எல்லாம் மொதல்ல இருக்கற ஏசி கண்டன்சருக்கும் பின்னால இருக்கற ரேடியேட்டருக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும். முன்னால குனிஞ்சு பார்த்தாத் தெரியாது. டார்ச்சு அடிச்சு எடுக்கோணும்.

அப்படியே ஓரத்தையும் பாரு. காத்து நெம்பச் சோம்பேறி. ஃபின்னுக்குள்ள நுழையறத விட ஓரத்துல வெரல் அகலச் சந்து இருந்தா அதுல போயிரும். ரேடியேட்டரச் சுத்திலும் ஃபோம் பட்டை ஒட்டி, வாயில நுழஞ்ச காத்து முழுக்க கோரு வழியாத்தான் போகோணும்னு கட்டாயப்படுத்து. கடையில 20 டாலர். பெரிய ரேடியேட்டர் போட்டும் சரியாகாத பல வண்டி இதுல சரியாகும். ஆனா இதப் போட்டோ புடிச்சுப் போட்டா எவனும் லைக்கு குடுக்க மாட்டான், அது வாஸ்தவந்தான். உள்ள போன காத்து வெளிய போறதுக்கும் வழி வேணும். கம்பெனியே 2017 மாடல்ல பானட்டுத் தொளையப் பெருசாக்குனதுக்கு அதுதான் காரணம். டெக்சாஸ்ல முன்னாலயும் நம்பர் பிளேட்டு வேணும்கறது சட்டம், ரோட்டுல வெய்யி. ட்ராக்குக்குள்ள போறப்ப கழட்டு. காத்து நுழையற வாயில எதுக்குத் தகரம்?

இனி உன்ற பட்டியலுக்கு வாரேன். தெர்மோஸ்டாட். 71 டிகிரியில தொறக்கறத மாட்டுனா வண்டி 71லயே நிக்கும்னு நெனச்சுட்ட. அது கதவு சாமி, ஏசி இல்ல. முழுசாத் தொறந்ததுக்கப்புறம் அதுக்கு வேலையே கெடையாது. ரேடியேட்டருக்குத் தெறமை பத்தலேன்னா 71ல தொறந்தாலும் 90ல தொறந்தாலும் கடைசியா போய் நிக்கற எடம் ஒண்ணேதான். ஒரு சுத்து லேட்டாப் போய்ச் சேருவ. ரேடியேட்டரோட அழுத்த மூடி மாத்தறதும் அந்தக் கதைதான். 15 பிஎஸ்ஐ மூடி, கொதிக்கற டிகிரிய 20 டிகிரிக்கு மேல தள்ளி வெக்கும். சூடு கொறையாது. பொங்கறது லேட்டாகும்.

ஃபேனு? சிக்னல்ல நிக்கறப்ப வேணும். மெதுவாப் போறப்ப வேணும். 60 கிலோமீட்டருக்கு மேல போனா வண்டி வெசையில வர்ற காத்துக்கு முன்னால ஃபேனு ஒண்ணுமே இல்ல. கேட்டா குறுக்கால நிக்கற ஆளு. தடிச்ச ரேடியேட்டர்ல ஒரு சூட்சுமம் இருக்குது. கோரு முன்வரிசையில போற காத்து சூட்ட வாங்கிக்கும். பின்வரிசைக்குப் போறப்ப அது ஏற்கெனவே சூடான காத்து, அதால என்னத்த வாங்க முடியும்? தடிமன ரெண்டு மடங்காக்குனா வேலை ரெண்டு மடங்காகாது, காத்து நுழையறது மட்டும் செரமமாகும். எடம் இருந்தா அகலத்தக் கூட்டு. இதுல இன்னொரு வம்பு, இன்டர்கூலர் ரேடியேட்டரு முன்னால நிக்குது, எஞ்சின் ரேடியேட்டரு பின்னால. முன்னவனத் தடியாக்குனா அவன் விட்ட சூட்டுக் காத்துதான் பின்னவனுக்குச் சாப்பாடு. காத்து சூடு கொறஞ்சுதுன்னு சந்தோசப்பட்டுட்டு இருக்கறப்ப எஞ்சின் தண்ணி ஏறும். அப்பறம் அதுக்கு ஒண்ணு வாங்குவ. கடைக்காரன் ஊடு கட்டறது இப்படித்தான். எனக்குத் தெரியாதா?

பம்பு நல்ல ரோசனைதான், மறுக்கல. இன்டர்கூலர் தண்ணிய ஓட்டறது ஒரு கரன்ட்டுப் பம்பு. அது அசந்தா எஞ்சின் ஒண்ணும் சொல்லாது, காத்துதான் சூடாகும். ஆனா புதுப் பம்பு மாட்டறவங்க தண்ணி நெரப்பறப்ப உள்ள காத்துக் குமிழிய உட்டுப்போடறாங்க. ஊதியோட மூடிக்குள்ள மேல் மட்டத்துல ஒக்காந்துக்கற குமிழி எந்தப் பம்புக்கும் நகராது. வேக்குவம் போட்டு உறிஞ்சி நெரப்பற சாமான் உள்ள ஆளுகிட்டக் குடு. நெரப்பறப்ப எதை ஊத்தறதுன்னும் ஒரு பேச்சு இருக்குது. தண்ணி ஒறையாம இருக்கறதுக்கு ஊத்தற கிளைக்கால் பாதி, தண்ணி பாதின்னு ஊத்துனா வெறுந்தண்ணி சொமக்கற சூட்ட விடக் கம்மியாத்தான் சொமக்கும். தண்ணியக் கூட்டிக் கிளைக்காலக் கொறச்சா இலவசமா ஒரு லாபம். பல ட்ராக்குல கிளைக்காலே கூடாதும்பாங்க, கொட்டுனா ரோடு வழுக்கும். ஆனா வெறுந்தண்ணியோட மார்கழியில ஷெட்டுல நிறுத்திப் போடாத. 2021 பிப்ரவரி மாசம் டெக்சாஸ் ஒறஞ்சு போயி, கரன்ட்டு இல்லாம, கொழாய் எல்லாம் வெடிச்சு நீ அழுதுட்டு போன் பண்ணுனது எனக்கு மறக்கல. எஞ்சின் பிளாக்குக்கும் அதே தலையெழுத்துதான்.

ஐஸ் டப்பாவுக்குச் சிரிக்காம இருக்கப் பார்த்தேன், முடியல. அது நேர்கோட்டு டிராக் ரேஸ்காரனுக்கு. அவன் பத்து செகண்டுல முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருவான். நீ போறது சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ், 2012ல தொறந்த ட்ராக்கு, 5.5 கிலோமீட்டரு, 20 வளைவு, மொத வளைவே மலையேறறாப்பல ஏத்தம். முட்ட மிதிச்சா உன்ற எஞ்சின் செகண்டுக்கு அரைக் கிலோ காத்துக் குடிக்கும். அத 50 டிகிரி குளிர வெக்க 25 கிலோவாட் வேணும். 10 கிலோ ஐஸு உருகறது, அந்த வெசைக்கு ரெண்டு நிமிசம் சொச்சந்தான் தாங்கும். ஒரு சுத்து முடியறதுக்குள்ள டிக்கியில வெந்நியத் தூக்கிட்டு ஓட்டிட்டிருப்ப. டாட்ஜ்காரன் 2018 டீமன்ல இதே வேலைய வேற மாதிரி பண்ணுனான். ஏசி கேஸயே திருப்பி விட்டு இன்டர்கூலர் தண்ணியக் குளிர வெச்சான். ஓட்டறவன் வேர்த்து ஊத்துனாலும் எஞ்சினுக்கு ஏசி. அதுவும் நேர்கோட்டு வண்டிதான்.

ஆயிலப் பத்தி நீ ஒரு வரி எழுதல. வண்டியோட வந்த புஸ்தகத்துல, ட்ராக்குக்குப் போறதுன்னா 15டபிள்யூ-50 ஆயில் போடுன்னு இருக்குமே. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காம டேஷ்போர்டுக்குள்ள கெடக்குது, நான்தான் பார்த்தேனே. பிரிச்சுப் படி. சூட்டுல தண்ணியாப் போற ஆயில்தான் பேரிங்கத் திங்கும். ரேடியேட்டரக் கெடுக்கறது சின்னச் செலவு, பேரிங்கக் கெடுக்கறது வண்டிச் செலவு.

இப்ப அந்தக் கடைசி வரி. சின்ன புல்லி. பெல்ட்டுல ஓடற ஊதிக்குச் சின்ன புல்லி மாட்டுனா அது இன்னும் வெசையாச் சுத்தும், 9 பிஎஸ்ஐ 13 ஆகும்னு வெய்யி. வெளிய வர்ற காத்து இப்ப 110 இல்ல, தெறமையும் கொறஞ்சு போறதால 140க்குப் பக்கம். காத்தோட அளவும் கூடும். இன்டர்கூலர் வழிச்செடுக்க வேண்டிய சூடு பாதிக்கு மேல கூடுது. மேல எழுதியிருக்கற ஆறு சாமானும் சேர்ந்து சம்பாரிச்சத அந்த உள்ளங்கை அகல புல்லி ஒரே வாயில தின்னுரும். அப்பறம் நீ எதுக்கு மத்ததெல்லாம் வாங்குன? புல்லிக்குச் சோறு போடறதுக்கா?

கம்பெனிக்காரன் இத எப்படிப் பண்ணுனான்னு பாரு. 2019 மாடலா கார்வெட் இசட்ஆர்1 வந்துச்சு, 755 குதிரை. சின்ன ஊதிய வெரட்டல. 2.65 லிட்டர்ல பெரிய ஊதி வெச்சு நிதானமாச் சுத்த விட்டான். வெசை கொறஞ்சா அதே காத்துக்குச் சூடு கம்மி. அதுவும் பத்தாதுன்னு முன்னால நாலு ரேடியேட்டரக் கூடச் சேர்த்து, வண்டி முழுக்கச் சூடு எறக்கற சாமான் 13 ஆக்குனான். மூஞ்சியவே மாத்திக் கட்டுனான். 105 குதிரை கூட வேணும்னா அவ்வளவு அக்கப்போரு. நீ ஒரு ஸ்பேனர வெச்சுட்டு சனிக்கெழம சாயங்காலத்துல முடிச்சரலாம்னு நெனைக்கற.

காசில்லாத வைத்தியம் ஒண்ணு சொல்றேன், கேட்டா உனக்குக் கோவம் வரும். ஊதி பெல்ட்டுல ஓடறதால எஞ்சின் வெசையக் கொறச்சா அதுவும் கொறயும். 6,500 வரைக்கும் முறுக்காம 5,500ல கியர மாத்து. ஊதி 20,000ல இருந்து 17,000 பக்கம் எறங்கிரும். உன்ற வண்டிக்கு இழுவை உச்சம் 3,600 ஆர்பிஎம்லயே வந்துருது, அதுக்கு மேல முறுக்கறது பாதி சத்தத்துக்காக. மூணு சுத்து வெரட்டுனா ஒரு சுத்து மெதுவா வா. அந்த ஒரு சுத்துல காத்து மட்டும் நுழையும், சூடு பொறக்காது. பிட்டுக்கு வந்த உடனே பட்டன அமுக்கி நிறுத்தாத. ஊதி ரெண்டு வரிசை சிலிண்டருக்கு நடுப்பள்ளத்துல உக்காந்திருக்குது, தண்ணி ஓட்டம் நின்னா கீழ இருக்கற சூடு பூராவும் மேலதான் ஏறும். ஓடிட்டே இருக்கட்டும், பானட்டத் தொற. லாரிக்காரங்க மேடு ஏறறப்ப ஹீட்டரப் போட்டு எஞ்சின் சூட்டக் கேபினுக்குள்ள வாங்கிக்குவாங்க. நீயும் போட்டுப் பாரு. ஹெல்மெட்டு, கையுறை, 38 டிகிரி, அதுக்கு மேல ஹீட்டரு. அப்பத் தெரியும் எஞ்சின் படற பாடு.

இதெல்லாம் பண்ணி, நம்பர எழுதி, இன்டர்கூலர் காத்துதான் மொதல்ல ஏறுதுன்னு தெரிஞ்சா, அகலமான இன்டர்கூலர் ரேடியேட்டரும் பம்பும் வாங்கு. ஆயில் ஏறுனா ஆயில் கூலரு வாங்கு. எஞ்சின் தண்ணி ஏறுனா மட்டும் பெரிய ரேடியேட்டரு. மூணுல ஒண்ணு. எது வாங்குனாலும் மாட்டுனதுக்கப்புறம் அதே வெயில்ல, அதே ட்ராக்குல, அதே நம்பர மறுக்கா எழுது. எறங்குலேன்னா திருப்பிக் குடு. எழுதுனத எனக்குத் தாட்டி விடு, பார்த்துச் சொல்றேன். புல்லிய மட்டும் வாங்காத. வாங்குனயின்னா சூட்டப் பத்தி எங்கிட்டப் பேசாத, உன்ற அம்மிச்சிகிட்டப் பேசிக்க.